பதின்மூன்று வருஷம் வெளிவராத கணக்கு

(எங்கள் மருத்துவமனை ஆராய்ச்சிக் குழுவின் சார்பில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூடுகையில், மதிய உணவு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர் எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "நாங்கள் அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்குகிறீர்கள், சரி. ஆராய்ச்சியில் பலன் கிடைத்தால் எழுதுங்கள். பலன் இல்லை என்று தெரிந்த பிறகு அதையும் எதற்காக எழுதி அச்சில் ஏற்ற வேண்டும்? அந்தச் செலவுக்கு நாலு ஏழைகளுக்கு மருந்து வாங்கலாமே?" என்றார். நாங்கள் அவசரத்தில் ஏதோ பதில் சொன்னோம். அது அவருக்குத் திருப்தியாக இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் திருப்தியாக இல்லை. இந்த முறை அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஐயாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல முயலுகிறோம்.

எங்களைப் போன்ற மருத்துவமனையில் ஆராய்ச்சி என்றால் பெரிய கண்ணாடிக் குடுவைகளையும் இயந்திரங்களையும் நினைக்க வேண்டாம். ஒரே வியாதிக்கு இரண்டு வைத்திய முறைகள் இருக்கும். எது நல்லது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வியாதியஸ்தர்களிடம் சொல்லி, சம்மதம் பெற்று, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப்பேருக்கு ஒன்றும் பாதிப்பேருக்கு மற்றொன்றும் கொடுத்துப் பொறுமையாக எண்ணிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. சம்மதம் கேட்கும்போது நாங்கள் ஒரு வாக்கியம் சொல்லுகிறோம்: "இதனால் உங்களுக்குப் பலன் உண்டு என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு இது உதவும்." எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கைரேகை வைக்கிறார்கள். முடிவை நாங்கள் வெளியிடாவிட்டால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. பின் வருகிறவர்களுக்கு எப்படி உதவும்? எங்கள் அலமாரியைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

இது வெறும் வாக்குச் சுத்தத்தைப் பற்றிய காரியமாகத் தோன்றலாம். உயிர் போகிற காரியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரில் நடந்தது.

மாரடைப்பு வந்தவர்களுக்கு இருதயத் துடிப்பு தாளம் தப்பி அடிப்பதுண்டு. அப்படித் தாளம் தப்புகிறவர்களில் திடீரென்று இறந்துபோகிறவர்கள் அதிகம் என்று மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அப்படியானால் தாளத்தைச் சீர்ப்படுத்தும் மருந்து கொடுத்தால் மரணம் குறையும் என்று நினைத்தார்கள். நல்ல எண்ணந்தான். கேட்டால் நாமும் தலையாட்டுவோம். லோர்கெய்னைடு என்ற மருந்தை 1980-ல் நாட்டிங்காம் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் 95 பேர். 48 பேருக்கு மருந்து. 47 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து தன் வேலையைச் செய்தது. ஈ.சி.ஜி. தாளில் தாளம் சீராயிற்று. ஆனால் மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் இறந்தது 1 ஆள்.

அந்த மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்ல. சிறிய ஆராய்ச்சி ஆனதால் 9-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கும் என்று நினைத்தார்கள். அதற்குள் வியாபாரக் காரணங்களால் அந்த மருந்தையே தொடராமல் நிறுத்திவிட்டார்கள். கடைக்கு வராத மருந்தைப் பற்றி எழுதுவானேன்? கணக்கு கோப்பிலேயே தங்கிவிட்டது. பாருங்கள், நம் தலைமையாசிரியர் ஐயா கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள் போலும்.

லோர்கெய்னைடு போனாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு மருந்துகள், என்கெய்னைடும் ஃபிளெக்கெய்னைடும், 1980-களின் நடுவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. ஈ.சி.ஜி. அழகாக மாறுகிறதே என்று ஏராளமானோருக்கு எழுதிக்கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் யாராவது இறந்தால், "பாவம், அவருக்கு இருதயமே பலவீனம்" என்றுதானே சொல்லுவார்கள்? மாத்திரையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். கடைசியில் ஒரு பெரிய ஆராய்ச்சியை நடத்தினார்கள். 1989-ல் அதில் இந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991-ல் வெளிவந்த முழுக் கணக்கின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இந்த வகை மருந்துகளால் அமெரிக்காவில் மட்டும் பல்லாயிரம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று பின்னர் மதிப்பிட்டவர்கள் உண்டு.

1993-ல் நாட்டிங்காம் மருத்துவர்கள் அந்தப் பழைய கணக்கை எடுத்து வெளியிட்டார்கள். வெளியிடாமல் விட்டது ஏன் என்பதையும், வெளியிட்டிருந்தால் வரப்போகும் ஆபத்துக்கு அது முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கும் என்பதையும் தாங்களே எழுதினார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து, யாரும் கேட்காதபோது, தங்கள் பெயரைப் போட்டு இப்படி எழுதினவர்களைப் பற்றிக் குறைவாகப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் புதிதாகச் சேரும் இளம் டாக்டர்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறோம்.

இனி உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறோம். பலன் இல்லாத முடிவை மறைக்கும் சோதனை மருந்துக் கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல. காணிக்கையில் நடக்கும் ஊழியத்துக்கும் அது உண்டு. நல்ல செய்தியை எழுதினால் பதில் கடிதங்கள் வருகின்றன, காசோலைகளும் வருகின்றன. "நாங்கள் நினைத்தது நடக்கவில்லை" என்று எழுதினால் என்ன வருமோ என்று பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தில் நாங்கள் பேனாவை மூடிவைத்த சமயங்கள் உண்டு என்று உங்கள் முன்னால் ஒத்துக்கொள்ளுகிறோம்.

ஆனால் நம்முடைய மாகாணத்திலேயே இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு சானிட்டோரியம் என்றால் என்னவென்று நினைவிருக்கும். காசநோய் வந்தால் வீட்டை விட்டு, ஊரை விட்டு, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அங்கே படுத்திருக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் சேர்ந்து நடத்திய சானிட்டோரியம் தென்னிந்தியா முழுவதும் பெயர் பெற்றது. உங்களைப் போன்ற ஆதரவாளர்கள்தான் ஒரு கட்டில், இரண்டு கட்டில் என்று கொடுத்து இப்படிப்பட்ட இடங்களைத் தாங்கினார்கள். இடமோ போதவில்லை. காசநோயாளிகளில் மிகச் சிலருக்கே கட்டில் கிடைத்தது. மற்றவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருமிக்கொண்டு காத்திருந்தார்கள்.

1956-ல் சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், அன்றைய மதராஸ் அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். நகரத்தின் ஏழைக் காசநோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை சானிட்டோரியத்தில் சேர்த்தார்கள். மற்றப் பிரிவை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை, ஓய்வு இல்லை. ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீடுகள். சானிட்டோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினார்கள். வருஷ முடிவில் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவர்கள் அளவுக்கே குணமடைந்திருந்தார்கள். வீட்டில் கூட இருந்த பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் அதனால் நோய் அதிகமாக வந்துவிடவும் இல்லை.

1959-ல் இதை முழுவதுமாக, விவரம் விவரமாக, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூறு பக்கம். யாருக்குச் சாப்பாடு எவ்வளவு, யார் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதுவரை அதில் உண்டு. வீட்டுச் சிகிச்சைக்குச் சாதகமில்லாத விவரங்களையும் விட்டுவிடவில்லை. அதனால்தான் நம்பினார்கள். உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு மாறினது. கட்டிலுக்குக் காத்திருந்தவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று.

ஒரு நிமிஷம் அன்றைய ஆதரவாளர் ஒருவரின் இடத்தில் இருந்து இதை வாசித்துப் பாருங்கள். "நான் கட்டில் கொடுத்தேனே, அது அவசியமில்லையாமே!" என்று அவருக்கு வலித்திருக்கும். அவர் மனம் நோகும் என்று கட்டுரையை நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் பட்டியலிலேயே இறந்திருப்பார்கள்? ஐயா அவர்களே, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். நாலு பேருக்கு மருந்து வாங்க வேண்டிய பணத்தை எடுத்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். எந்த மருந்தை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பது இப்படி எழுதினவர்களால்தான் நமக்குத் தெரியவந்தது.

இப்போது சட்டமும் உதவுகிறது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான ஹெல்சின்கி பிரகடனம் 1964-ல் வந்தது. சாதகமான முடிவைப் போலவே பாதகமான முடிவையும் வெளியிட வேண்டும் என்று 2000-ல் அதில் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2007 முதல் சிகிச்சை ஆராய்ச்சிகளுக்கு அரசுப் பதிவேடு இருக்கிறது. 2009 முதல் அதில் பதிவது கட்டாயம். முதல் வியாதியஸ்தரைச் சேர்ப்பதற்கு முன்பே, என்ன செய்யப்போகிறோம், எதை எண்ணப்போகிறோம் என்று அதில் எழுதிவிட வேண்டும். கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆரம்பித்ததை ஊருக்குச் சொல்லிவிட்டபின், முடிவு எங்கே என்று கேட்க ஊருக்கு உரிமை வந்துவிடுகிறது. ஆனாலும் பதிந்துவிட்டு முடிவை எழுதாமலே இருக்கிறவர்கள் இன்றைக்கும் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

உண்மையை மறைப்பது ஒரு பக்கம் என்றால், பொய்யை அச்சிடுவது மறுபக்கம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பீர்கள். 1998-ல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளைப் பற்றி லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற பயம் அதிலிருந்து பரவினது. தடுப்பூசிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போடும் வக்கீல்களிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்தார். அதைக் கட்டுரையில் சொல்லவில்லை. இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம். அதற்குள் எத்தனையோ பெற்றோர் ஊசி போடாமல் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போனார்கள், தட்டம்மையும் திரும்பி வந்தது. எங்கள் தடுப்பூசி அறையில்கூட, "ஊசி போட்டால் புத்தி மழுங்கும் என்கிறார்களே, சிஸ்டர்" என்று கேட்ட தாயை நாங்கள் பார்த்திருக்கிறோம். அச்சில் ஏறின ஒரு வார்த்தை எங்கே கிளம்பி எங்கே வந்து நிற்கிறது!

கட்டுரையின் தலையில் யார் பெயர் போடுவது என்பதும் எங்களுக்கு ஒரு சங்கடம். பெரிய டாக்டர் பெயரை முதலில் போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. மரியாதை வேறு, பொறுப்பு வேறு. நாளைக்குக் கணக்கில் தவறு என்று யாராவது கேட்டால் எழுந்து பதில் சொல்லக்கூடியவர் பெயர்தான் அங்கே இருக்க வேண்டும். எங்கள் மூத்த டாக்டர் ஒருவர், தாம் படித்துக்கூடப் பார்க்காத கட்டுரையிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அன்று இளையவர்கள் எல்லோரும் கலங்கிப்போனார்கள், அவர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்து!

கடைசியாக, நாங்களே செய்த ஒரு தவறு. இதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் இதுவரை பேசியதற்கு அர்த்தமில்லை.

சில வருஷங்களுக்கு முன் எங்களிடம் ஓர் இளம்பெண் சருமத்தில் ஓர் அபூர்வமான வியாதியோடு வந்தாள். குணமும் ஆனாள். மற்ற டாக்டர்களுக்குப் பயன்படுமே என்று அவளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினோம். முகத்தின் படம் போட்டோம், கண்களின்மேல் கறுப்புப் பட்டை ஒட்டி. சேர்க்கையின்போது வாங்கின பொதுச் சம்மதக் காகிதமே போதும் என்று எண்ணினோம். ஒரு நாள் அவளும் அவள் தாயாரும் வந்தார்கள். வேறு ஊரில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்து, மோவாயையும் காதுத் தோட்டையும் வைத்து அடையாளம் கண்டுவிட்டான். வீட்டில் பெண் பார்க்க வருகிற சமயம். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. "டாக்டரம்மா, என்னைக் குணப்படுத்தினீங்க, அதுக்கு நன்றி. என் முகத்தைக் கொடுக்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

எங்களிடம் பதில் இல்லை. இதழுக்கு எழுதினோம், கம்ப்யூட்டரில் இருந்த படத்தை எடுத்துவிட்டார்கள். அச்சில் போன பிரதிகளை என்ன செய்ய முடியும்? கண்ணில் பட்டை ஒட்டுவது ஆளை மறைக்கப் போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தன் விதிகளில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வியாதியஸ்தரைப் பற்றி எழுதினால், எழுதினதை அவரிடமே தமிழில் வாசித்துக் காட்டி, படத்தையும் காட்டி, அதற்கென்று தனியாகச் சம்மதம் வாங்குகிறோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம். அப்படி விட்ட கட்டுரைகள் உண்டு, வருத்தமில்லை. இதே வழக்கத்தை உங்களுக்கு வரும் இந்தப் பத்திரிகைக்கும் வைத்திருக்கிறோம். முன்பு போல முகங்கள் நிறைந்த பக்கங்கள் ஏன் வருவதில்லை என்று சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான்.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத சாதாரண மனிதர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. இதுவரை இருந்த அம்மையார் வயதின் காரணமாக விலகிவிட்டார். மருத்துவப் படிப்பு தேவையில்லை. எங்கள் சம்மதப் படிவத்தை வாசித்து, "இது எனக்கே புரியவில்லையே" என்று தைரியமாகச் சொல்லக்கூடியவராக, போன வருஷம் எழுதுவதாகச் சொன்ன முடிவு எங்கே என்று மறக்காமல் கேட்கக்கூடியவராக இருந்தால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட்டம், பஸ் செலவு கொடுத்துவிடுவோம், மதியச் சாப்பாடும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தலைமையாசிரியர் ஐயா முதலில் கொடுத்தால் எங்களுக்கு மிகவும் சந்தோஷம்.